டிஸ்னி வேர்ல்டு: உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசி வாரத்தில் அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோவுக்குக் காரில் போகிறீர்கள். நீங்கள், கணவர், 11 வயது மகள், 4 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் என ஆறு பேர். நான்கு நாள் வால்ட் டிஸ்னி வேர்ல்டு, ஒரு நாள் யூனிவர்சல் என்ற இன்னொரு நிறுவனத்தின் பூங்கா. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. பெரியவர்கள் இருவருக்கும் ஒரு வேளையாவது சோறு வேண்டும். டிஸ்னியின் சொந்த ஹோட்டல் வாடகையைப் பார்த்து மலைத்துப்போய், வெளியே, பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் நீச்சல் குளத்தோடு கிடைக்கும் வாடகை வீடுகளைப் பார்த்துவைத்திருக்கிறீர்கள். எங்கே தங்கலாம் என்பது கேள்வி.

உங்கள் குடும்பம் உள்ளேதான் தங்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு நான் சொல்லும் காரணம், சலுகைப் பட்டியல்களில் நீங்கள் படித்திருக்கக்கூடிய எதுவும் இல்லை. உங்களோடு வரும் பெரியவர்கள் இருவரும் அமெரிக்காவில் கார் ஓட்டுவதில்லை. அந்த ஒரு விஷயமே இந்தக் கேள்வியை முக்கால்வாசி தீர்த்துவிடுகிறது. யாரிடம் ஆலோசனை கேட்டாலும் ‘ஒரு இரவுக்கு எவ்வளவு’ என்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. நான் முதலில் கேட்பது வேறு: குடும்பத்தில் முதலில் களைத்துப்போகிறவர், கார் சாவியை வைத்திருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் தானாக அறைக்குத் திரும்ப முடியுமா?

ஒரு மதியத்தை எடுத்துக்கொள்வோம். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டம், பிற்பகல் ஒரு மணி. ஜூன் மாத ஃபுளோரிடாவில் வெயில் 32, 33 டிகிரியில் நிற்கும். சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு எண்ணைக் கேட்டால் பயம் வராது. ஆனால் காலையிலிருந்து நடந்துகொண்டே இருப்பது வேறு கதை. பூங்காவில் ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சர்வசாதாரணம். மாமியாரின் முழங்கால் இனி முடியாது என்கிறது. நீங்கள் வெளியே வாடகை வீட்டில் தங்கியிருந்தால் என்ன நடக்கும்? மேஜிக் கிங்டமின் வாசலில் கார் நிறுத்தும் இடம் கிடையாது. அது செவன் சீஸ் லகூன் என்ற ஏரியின் மறுகரையில் இருக்கிறது. வாசலிலிருந்து படகையோ மோனோரயிலையோ பிடித்து ஏரியைத் தாண்ட வேண்டும். அங்கிருந்து டிராமிலோ நடந்தோ காரைத் தேடிப் போக வேண்டும். வெயிலில் வெந்துகிடக்கும் காரைக் குளிரவைத்து, கிஸ்ஸிமிக்கு ஓட்டி, பெரியவர்களை இறக்கிவிட்டு, உங்கள் கணவர் மறுபடி அதே காரை நிறுத்தி, அதே ஏரியைத் தாண்டி, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் போய்விடும். பெரும்பாலான குடும்பங்களில் அப்படி ஒருவர் ஓடுவதும் இல்லை. ‘பரவாயில்லை, நான் இங்கேயே நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்’ என்று மாமியார் சொல்லிவிடுவார். மாலை வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்கா வந்து பேரப்பிள்ளைகளோடு போன ஒரே பெரிய சுற்றுலாவில் அவருக்குக் கிடைத்தது அந்தப் பெஞ்சாக இருக்கக் கூடாது.

உள்ளே தங்கியிருந்தால், மேஜிக் கிங்டமின் வாசலை விட்டு வெளியே வந்ததும் சற்றுத் தூரத்தில் டிஸ்னி பஸ் நிலையம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹோட்டலின் பெயர் எழுதியிருக்கும். தங்கள் ஹோட்டலின் பெயருக்குக் கீழே நின்று, வரும் குளிர்சாதன பஸ்ஸில் ஏறினால் போதும். டிக்கெட் கிடையாது, மாற வேண்டியதும் இல்லை. மாமனாரும் மாமியாரும் அறைக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, தாங்களாகவே மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்து வாணவேடிக்கையைப் பார்க்கலாம். உங்கள் நான்கு பேரின் நாளும் உடையாது. அறைக் கதவைத் திறக்க ஃபோன் செயலி இருக்கிறது. அது பெரியவர்களுக்குச் சரிவராது என்றால், ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் அட்டை தருவார்கள். அதே அட்டை பூங்கா நுழைவுக்கும் பயன்படும். முதல் நாள் மாலை ஒரு முறை நீங்களும் கூடப் போய் அந்த பஸ்ஸில் ஏறிக் காட்டிவிடுங்கள். மறுநாள் அவர்களுக்கு யாருடைய துணையும் வேண்டியிருக்காது.

சக்கர நாற்காலி எடுக்கத் தயங்கினால், தயங்க வேண்டாம் என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பூங்காவுக்குள் வாடகைக்கு எடுக்கும் நாற்காலியை வெளியே கொண்டுபோக முடியாது. ஹோட்டலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் தனியார் வாடகைக் கடைகளில் எடுத்தால் அறையிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து பூங்கா என்று நாள் முழுக்கக் கூடவே இருக்கும். டிஸ்னி பஸ்களில் நாற்காலியை ஏற்றச் சாய்தளம் உண்டு.

இந்த உள்ளே, வெளியே என்ற பிரிவு ஃபுளோரிடாவில் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955இல் டிஸ்னிலேண்டு திறந்தபோது வால்ட் டிஸ்னியிடம் இருந்தது சுமார் 160 ஏக்கர். அதைச் சுற்றி அடுத்த சில ஆண்டுகளில் மோட்டல்களும் கடைகளும் நெருக்கியடித்து முளைத்தன. கூட்டத்தை வரவழைத்தவர் ஒருவர், இரவு வாடகையை வாங்கியவர்கள் வேறு பலர். அந்த அனுபவத்தால்தான் 1964, 1965 ஆண்டுகளில் வெவ்வேறு நிறுவனப் பெயர்களில் ஓசையில்லாமல் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தை வாங்கிச் சேர்த்தார்கள். 1965 நவம்பரில் திட்டத்தை அறிவித்தபோது கையில் 27,000 ஏக்கருக்கு மேல் இருந்தது. 110 சதுர கிலோமீட்டர் அளவு அது. 1966 இறுதியில் வால்ட் மறைந்துவிட்டார். 1971 அக்டோபர் 1ஆம் தேதி மேஜிக் கிங்டமும், அதன் ஏரிக்கரையில் கண்டெம்பரரி, பாலினீசியன் என்ற இரண்டு ஹோட்டல்களும் திறந்தன. அதன்பின் எப்காட் 1982இல், இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் எனப்படும் பூங்கா 1989இல், அனிமல் கிங்டம் 1998இல் வந்தன.

அதாவது, அங்கே ‘வெளியே’ என்றால் உண்மையாகவே வெளியே. பூங்காவுக்கும் எதிர்ச்சாலைக்கும் நடுவில் அவர்களே வாங்கிப்போட்ட காடும் நீரும் இருக்கின்றன. இதே கேள்வியை அனஹைம் டிஸ்னிலேண்டுக்காகக் கேட்டிருந்தால் நான் நேர்மாறாகப் பதில் சொல்லியிருப்பேன். அங்கே ஹார்பர் புல்வார்டு சாலையின் எதிர்ப்பக்க ஹோட்டல்களிலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்தே வாசலை அடைந்துவிடலாம்; டிஸ்னியின் சொந்த டிஸ்னிலேண்டு ஹோட்டலிலிருந்து நடப்பதைவிட அதுவே குறைவு. பூங்காவின் பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரே ஆலோசனை இரண்டுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி, உள்ளே என்பதும் ஒரே இடமில்லை. டிஸ்னி நிலத்துக்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் இருக்கின்றன. மோனோரயில் பாதையில் இருக்கும் கண்டெம்பரரி, பாலினீசியன், கிராண்டு ஃபுளோரிடியன் மூன்றும் மேஜிக் கிங்டமின் மடியிலேயே இருக்கின்றன; கண்டெம்பரரியிலிருந்து நடந்தே போய்விடலாம். வாடகை இரவுக்குப் பல நூறு டாலர். காசு ஒரு பொருட்டில்லை என்றால் முழங்கால் வலிக்காரருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மறுமுனையில் ஆல்-ஸ்டார் என்ற மூன்று மலிவு ஹோட்டல்கள். அவையும் உள்ளேதான். ஆனால் மேஜிக் கிங்டமிலிருந்து தூரம், போக்குவரத்துக்கு பஸ் மட்டும். நடுத்தர வகையில் கரீபியன் பீச், கொரனாடோ ஸ்பிரிங்ஸ் போன்றவை அழகானவை, ஆனால் பரந்துகிடப்பவை. அறையிலிருந்து உணவகத்துக்குப் போவதே ஒரு நடை. முழங்கால் வலியோடு போகிறவர்கள் ஹோட்டலின் வரைபடத்தைப் பார்க்காமல் பதிவு செய்யக் கூடாது.

உங்கள் ஆறு பேருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற ஹோட்டலின் குடும்ப அறைத்தொகுதி. ஆறு பேர் படுக்கலாம். கதவு சாத்திக்கொள்ளும் தனிப் படுக்கையறை ஒன்று, குளியலறை இரண்டு, மைக்ரோவேவும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள சிறு சமையல் மேடை. படுக்கையறையைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டால், மதியம் அவர்கள் தூங்கும்போது யாரும் ஓசைப்படாமல் நடக்க வேண்டியதில்லை. அதன் வாடகை அதிகம் என்று தோன்றினால், சிறு ஏரியின் எதிர்க்கரையிலேயே 2,880 அறைகளோடு பாப் செஞ்சுரி இருக்கிறது. அங்கே நான்கு பேர் தங்கும் அறைகள் இரண்டு எடுப்பது பல வாரங்களில் ஒரு குடும்பத் தொகுதியைவிட மலிவாக வருகிறது. நடுவில் இணைப்புக் கதவு உள்ள அறைகளாகக் கேளுங்கள்.

இந்த இரண்டு ஹோட்டல்களுக்கும் பொதுவாக ஸ்கைலைனர் என்ற கம்பிவட ஊர்தியின் நிலையம் ஒன்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் தொடங்கியது. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் அதில் போகலாம். கரீபியன் பீச் நிலையத்தில் ஒரு முறை மாற வேண்டும். நான்கு வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இதன் அருமை இரவில்தான் தெரியும். பஸ்ஸில் ஏறும்போது தூங்கும் குழந்தையை எடுத்து, தொங்கும் பைகளையெல்லாம் கழற்றி, ஸ்ட்ரோலரை மடக்கி, மூன்றையும் சுமந்துகொண்டு ஏற வேண்டும். ஸ்கைலைனர் பெட்டியில் ஸ்ட்ரோலரை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம், குழந்தை விழிக்காது. ஒரு குறை: மின்னல் வந்தால் ஊர்தியை நிறுத்திவிடுவார்கள். ஜூன் மாதப் பிற்பகல்களில் இடியோடு மழை வருவது அங்கே வழக்கம். அந்த நேரத்தில் பஸ் விடுவார்கள், சற்றுக் காத்திருக்க வேண்டும்.

சலுகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றுக்குத் தகுதிக்கு மேல் விளம்பரம் கிடைக்கிறது. உள்ளே தங்குபவர்கள் எல்லாப் பூங்காக்களிலும் தினமும் அரை மணி நேரம் முன்னதாக நுழையலாம். பூங்கா 9 மணிக்குத் திறந்தால் உங்களுக்கு 8:30. பின்னர் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டிய இரண்டு ரைடுகளை அந்த அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் 8:30க்கு நுழைய வேண்டுமானால் எட்டு மணிக்காவது வாசலில் நிற்க வேண்டும். ஆறு பேர் குளித்து, மருந்து சாப்பிட்டு, காப்பி குடித்துக் கிளம்பும் வீட்டில் அது எத்தனை நாள் நடக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். நடக்காது என்றால் அந்தச் சலுகையின் மதிப்பு பூஜ்யம். லைட்னிங் லேன் எனப்படும் கட்டண முன்வரிசையை உள்ளே தங்குபவர்கள் வருகைக்கு 7 நாள் முன்பே பதிவு செய்யலாம். வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள்தான். இது பயனுள்ளது, குறிப்பாக ஹாலிவுட் ஸ்டூடியோஸில். மகள் ஆசைப்படும் ரைடுகள் வெளியாட்களுக்குக் கதவு திறப்பதற்குள் தீர்ந்துவிட வாய்ப்புண்டு. உணவக முன்பதிவு எல்லோருக்கும் 60 நாள் முன்பு திறக்கிறது. உள்ளே தங்குபவர்கள் அதே நாளில் தங்கள் தங்கல் முழுவதற்கும் பத்து நாள் வரை சேர்த்தே பதிவு செய்யலாம். இரவில் கூடுதலாக இரண்டு மணி நேரம் என்பது சில நாட்களில், விலை உயர்ந்த ஹோட்டல்களுக்கு மட்டும். அதை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பழைய ஆலோசனைகளைப் படிக்கும்போது கவனமாக இருங்கள். விமான நிலையத்திலிருந்து இலவச பஸ் என்று இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது 2021 முடிவோடு நின்றுவிட்டது. ஹோட்டலில் காருக்கு இரவுக் கட்டணம் என்று 2018இல் தொடங்கியதை 2023 ஜனவரியில் கைவிட்டுவிட்டார்கள். காரில் போகும் உங்களுக்கு இது நல்ல செய்தி. உள்ளே தங்கினால் பூங்காக்களிலும் பார்க்கிங் கட்டணம் இல்லை. எனவே காரை அறைக்கு முன்னால் தூங்கவிட வேண்டாம். அனிமல் கிங்டமுக்கு பஸ்ஸைவிடக் கார் விரைவு. மேஜிக் கிங்டமுக்கு மட்டும், நான் மேலே சொன்ன ஏரியின் காரணமாக, எப்போதும் பஸ்.

இப்போது பணம். வெளியே கிடைக்கும் விலையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். வெளி ஹோட்டலில் ஓர் அறை இரவுக்கு 140 டாலர் என்று காட்டுகிறது. ரிசார்ட் கட்டணம் என்று வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்குவது 35, ஹோட்டல் பார்க்கிங் 20, டிஸ்னி பூங்காவில் பார்க்கிங் 30 டாலர் அளவில். 140 என்பது 225 ஆகிவிட்டது. இதன்மேல் வரி வேறு: ஆரஞ்சு கவுண்டியில் 12.5 சதவீதம், கிஸ்ஸிமி இருக்கும் ஓசியோலா கவுண்டியில் 13.5 சதவீதம். வரி டிஸ்னிக்குள்ளும் உண்டு. ரிசார்ட் கட்டணத்தை டிஸ்னி தன் ஹோட்டல்களில் வாங்குவதில்லை. வாடகை வீடு என்றால் சுத்தம் செய்யும் கட்டணம், முன்பதிவுத் தளத்தின் கட்டணம் என்று இறுதிப் பக்கத்தில்தான் உண்மை விலை தெரியும். 2025 மே முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த தொகையை முன்னாலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைய விதி வந்துவிட்டது. ஆனாலும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டே ஒப்பிடுங்கள்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஒரு நாள் நுழைவுச்சீட்டு ஒருவருக்கு நூறு டாலருக்கு மேல். 3 வயது நிறைந்தவர்களுக்கெல்லாம் சீட்டு உண்டு. 10 வயதிலிருந்து பெரியவர் கட்டணம், எனவே உங்கள் மகளும் பெரியவர்தான். பல நாள் சீட்டில் நாள் விலை கொஞ்சம் இறங்கும் என்றாலும், ஆறு பேருக்கு நாளொன்றுக்கு 600 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரம் பூங்காவில் இருந்தால் ஒரு மணி நேரத்தின் விலை 50 டாலர். தினமும் இரண்டு மணி நேரம் ஐ-4 நெடுஞ்சாலையிலும் பார்க்கிங்கிலும் கரைந்தால் 100 டாலர் கரைகிறது. வெளியே தங்கிச் சேமித்ததாக நினைக்கும் தொகை பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கும். ‘இலவச ஷட்டில் உண்டு’ என்று விளம்பரம் செய்யும் ஹோட்டல்களை நம்பியும் போக வேண்டாம். அநேகமாக ஒரு நாளில் சில முறைதான் ஓடும், பல ஹோட்டல்களில் நின்று நின்று வரும், மேஜிக் கிங்டம் போகிறவர்களை ஏரிக்கு மறுகரையிலேயே இறக்கிவிடும்.

இவ்வளவு சொன்னாலும், வாடகை வீட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சில குடும்பங்களுக்கு அதுதான் மிகச் சரியான இடம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேராகப் போகும்போது, கிஸ்ஸிமியிலோ டாவன்போர்ட்டிலோ ஐந்து படுக்கையறை வீடு எடுத்தால் தலைக்கு வரும் செலவை எந்த ஹோட்டலும் நெருங்க முடியாது. இரவு எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசும் சுகம் வேறெங்கும் கிடைக்காது. பத்து நாள் தங்கி, நடுவில் கென்னடி விண்வெளி மையம், கடற்கரை, யூனிவர்சல் என்று நாலாபக்கமும் காரில் சுற்றுகிறவர்களுக்கும் வீடுதான். காலையில் திறக்கும்போது நுழைந்து இரவு மூடும்போது வெளியேறும் இளைஞர் கூட்டத்துக்கு அறை என்பது படுக்கை மட்டுமே. அவர்கள் மலிவாக எங்கே கிடைக்கிறதோ அங்கே தங்கலாம்.

பிறகு சோறு. நம்மவர்கள் வாடகை வீட்டைத் தேடுவதற்கு முதல் காரணம் அடுப்புதான், அதில் தவறொன்றும் இல்லை. குக்கரை வைத்து ஒரு ரசம், ஒரு கறி என்று சாப்பிட்டுப் படுத்தால் மறுநாள் பெரியவர்களின் முகமே வேறாக இருக்கும். வீடு எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த வீடுகளில் சன்னல்கள் சாத்தியே இருக்கும், புகை எச்சரிப்பான் சமையலறையை ஒட்டியே இருக்கும். எண்ணெய் காய்ந்து கடுகும் மிளகாய் வற்றலும் விழும் நொடியில் வீடே அலறும். தாளிக்கும் முன் புகைபோக்கியை முழு வேகத்தில் போட்டு, பின்கதவைத் திறந்துவையுங்கள். ஆனால் கதவைத் திறந்தால் நேரே நீச்சல் குளம். உங்களைப் போலச் சிறு குழந்தை இருப்பவர்கள் குளத்தைச் சுற்றி வலைவேலி போடும் வசதி உள்ள வீடா, கதவில் எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று கேட்காமல் எடுக்கவே கூடாது. அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரில் மூழ்குவதுதான். பெரியவர்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும் அந்த முதல் பதினைந்து நிமிடங்களில் ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

உள்ளே தங்கினால் சோற்றுக்கு என்ன செய்வது? நீங்கள் காரில் போகிறீர்கள், அதுவே பெரிய பலம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய், வறுத்த ரவையில் தாளித்துவைத்த உப்புமாக் கலவை ஆகியவற்றை வீட்டிலேயே செய்து எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் ஏதாவது பல்பொருள் அங்காடியில் பெரிய டப்பா தயிரும், மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடத்தில் சூடாகும் சாதமும் வாங்கிக்கொண்டால் ஐந்து நாளும் தயிர்சாதத்துக்கும் புளிசாதத்துக்கும் பஞ்சமில்லை. ஆர்ட் ஆஃப் அனிமேஷன் குடும்பத் தொகுதியை நான் முதலில் சொன்னதற்கு அந்த மைக்ரோவேவும் ஒரு காரணம். சாதாரண அறைகளில் சிறு குளிர்சாதனப் பெட்டிதான் இருக்கும். மைக்ரோவேவுக்கு ஹோட்டலின் உணவுக்கூடத்துக்குப் போக வேண்டும். டிஸ்னி பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, உதிரிப் பனிக்கட்டி கூடாது, அவ்வளவுதான். எலுமிச்சைசாதப் பொட்டலத்தை எப்காட்டின் ஏரிக்கரையில் பிரித்துச் சாப்பிடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. குடிக்கக் குளிர்ந்த நீரை விரைவு உணவகங்களில் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள்.

ஒரு வேளையாவது வெளியே உட்கார்ந்து சாப்பிட நினைத்தால் அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா உணவகத்துக்குப் பெரியவர்களை அழைத்துப்போங்கள். இந்திய, ஆப்பிரிக்கச் சுவைகள் கலந்த சமையல். நான் ரொட்டியும் பலவகைத் துவையல்களும் ஒரு தட்டாக வரும், மாமியாருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். சன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கிகள் நடந்துபோகும். அந்த ஹோட்டலில் தங்காதவர்களும் போகலாம். முன்பதிவு மட்டும் அவசியம். பொழுது இருக்கும்போதே போக வேண்டும்.

உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் நடந்துபோகும் தூரத்தில் ஸ்வான், டால்ஃபின் என்ற ஹோட்டல்கள். டிஸ்னி நிலத்தில் இருந்தாலும் நடத்துவது மேரியாட். அந்த நிறுவனத்தின் புள்ளிகள் கையில் சேர்ந்திருந்தால் கணக்கே மாறிவிடும். பானெட் கிரீக், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பகுதிகளில் உள்ள சில ஹோட்டல்களுக்கும் அரை மணி நேர முன்நுழைவு உண்டு. எந்தெந்த ஹோட்டல் என்பதை டிஸ்னியின் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் ரிசார்ட் கட்டணமும் பார்க்கிங்கும் தனி என்பதை மறக்க வேண்டாம்.

யூனிவர்சலுக்கு வேறு தர்க்கம். அங்கே போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கும் ஒவ்வொருவருக்கும் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் அனுமதி அறை வாடகையோடு சேர்ந்தே கிடைக்கிறது. அதுவும் அறைக்கு வரும் நாள், கிளம்பும் நாள் இரண்டிலும். ஓர் இரவு வாடகைக்கு இரண்டு நாள் எக்ஸ்பிரஸ். அந்த அனுமதியைத் தனியாக வாங்கினால் கூட்ட நாட்களில் தலைக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும் என்பதால், நான்கு பேருக்கு அறை இலவசமாகக் கிடைத்ததுபோல் ஆகிவிடுவதுண்டு. பழைய இரண்டு பூங்காக்களுக்கு மட்டுமே இது செல்லும். 2025 மே 22இல் திறந்த எபிக் யூனிவர்ஸுக்குச் செல்லாது. அது சில மைல் தள்ளித் தனியாகவும் இருக்கிறது. உங்கள் திட்டத்தில் யூனிவர்சல் ஒரு நாள்தான். எனவே மகள் கேட்பது எந்தப் பூங்கா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பூங்காக்கள் என்றால், கடைசி இரவை ராயல் பசிஃபிக்குக்கு மாற்றும் விலையைப் பாருங்கள். ஆறு பேருக்கு இரண்டு அறை வேண்டியிருக்கும், அப்போது கணக்கு இறுகிவிடும். எபிக் யூனிவர்ஸ் என்றால், டிஸ்னி அறையை விடாமல் நீங்களும் கணவரும் மகளும் காரில் போய்வருவதே சிறந்தது. தம்பியும் தாத்தா பாட்டியும் ஹோட்டல் நீச்சல் குளத்தில் ஒரு நாள் ஓய்வாக இருப்பார்கள்.

பதிவு செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்னியில் அறையும் சீட்டும் சேர்த்து ஒரே தொகுப்பாக எடுத்தால், கட்டணமின்றி ரத்து செய்ய வருகைக்கு 30 நாள் முன்பே முடிவு செய்ய வேண்டும். அறையை மட்டும் தனியாகப் பதிவு செய்தால் ஓர் இரவு வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, வருகைக்கு ஒரு வாரம் முன்பு வரைகூட மனம் மாறலாம். அதனால் அறையை மட்டும் இப்போதே பிடித்துவைத்துக்கொண்டு, தள்ளுபடி அறிவிப்பு வந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை வீடுகளில் இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. ரத்து விதியைப் படித்துவிட்டே பணம் கட்ட வேண்டும். அறையைப் பதிவு செய்தபின் ஹோட்டலுக்கு ஒரு வேண்டுகோளும் வையுங்கள்: லிஃப்டுக்கு அருகில், ஸ்கைலைனர் நிலையத்துக்குப் போகும் பாதையை ஒட்டிய கட்டடத்தில் அறை வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்கு முழங்கால் வலி. உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டவர்களுக்குத் தர முயல்கிறார்கள்.